எட்டு மூட்டை

இந்த ஊரில் தண்ணீருக்கு இரண்டே பெயர்.
நல்ல தண்ணி, உப்புத் தண்ணி.
நல்லது ஒகேனக்கல்லிலிருந்து குழாயில்,
வந்த அன்று வரும்.
மற்றது ஆயிரத்து நூறு அடியிலிருந்து
மோட்டார் இருமி இருமிக் கொண்டுவரும்.
பாத்திரத்தில் வெள்ளையாய்ப் படியும்,
சோப்பை நுரைக்க விடாது,
குடித்து வளர்ந்த பிள்ளைகளின் முன்பல்லில்
பழுப்புக் கோடாய் நிற்கும்.

இருபது வருஷமாய் அந்தக் கோடுகளை
வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பவள் நான்.
அதனால்தான்
பென்னாகரம் ரோட்டில், எங்கள் வீட்டின் பின்னால்,
நீச்சல் குளத்துக்குக் குழி வெட்டி முடித்த அன்று
ஓசூரிலிருந்து வந்த மாதேஷ்
"மேடம், உப்புத் தண்ணியா, குளோரினா?" என்றபோது
சிரிப்பு வந்துவிட்டது.
காசு கொடுத்து யாராவது உப்பு போடுவார்களா?

போடுவார்களாம். பெங்களூரில் எல்லாரும் அதுதானாம்.
கண் எரியாது, முடி செம்பட்டையாகாது,
கண்ணீரில் பாதிகூடக் கரிக்காது.
மெஷின் மட்டும் ஒரு லட்சத்து நாற்பது.

சென்னகேசவனுக்குக் குளோரின்.
முதுகுத் தட்டு விலகி,
நீந்தியே ஆகவேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்கியவர்;
குளமே அவருக்காகத்தான்.
ஆனால் கரையைச் சுற்றிப் பதித்திருப்பது
குவாரியில் தானே நின்று அறுத்தெடுத்த கல்.
"உப்பு கல்லைத் தின்னும்.
கல்லைப் பத்தி எனக்குத் தெரியாதா?"
"கல்லை விடுங்க சார்," என்றான் மாதேஷ்,
"நடுவுல இருக்கிற சிமெண்டைத்தான் தின்னும்."

எனக்கு உப்பு.
காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.
பல்லுக்குள் நரம்பு இருந்த பொந்தை
நான் கழுவுவது அதே வாசனைத் திரவத்தால்.
ஒரு நாளைக்கு ஆறு பல், ஏழு பல்.
கையுறையைத் தாண்டி விரலில் ஏறி
சோறு பிசையும்போது இருக்கும்,
தலையணையில் இருக்கும்,
ஞாயிற்றுக்கிழமையும் இருக்கும்.
வீட்டுக்குப் பின்னால் அறுபதாயிரம் லிட்டர்
அது வேண்டாம்.

மாதேஷ் நல்ல பையன். விற்கத் தெரியாது.
"ஒண்ணு சொல்லிடறேன் மேடம்.
அந்த மெஷின் பண்றதே குளோரின்தான்.
உப்பைப் போட்டா கரண்ட்ல உடைச்சி
அதுவே காய்ச்சிக்கும்.
டப்பால வாங்கறத வீட்டுல சமைக்கறீங்க, அவ்ளோதான்.
வாசனை கம்மி. இல்லாம இருக்காது."

பையிலிருந்து மெஷினின் வயிற்றை எடுத்துக் காட்டினான்.
தகடு தகடாய், நெருக்கமாய்,
ஏதோ ஒரு வாயின் கீழ்வரிசை.
நம்ம ஊர்த் தண்ணிக்கு மூன்றே மாதத்தில்
வெள்ளைக் காரை கட்டுமாம்.
ஆசிட்டில் ஊறவைக்க வேண்டுமாம்.
சுரண்டக் கூடாதாம்.
சுரண்டித்தான் எனக்குச் சோறு.

முடிவு சொல்லாமலே ஐப்பசி வந்துவிட்டது.
ஒரு ராத்திரி மழையில் குழியில் கணுக்கால் அளவு.
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
படியைப் பிடித்து, பிடித்து, இறங்கி
நடுவில் போய் நின்றார் சென்னகேசவன்.
குனிய முடியாததால்
விரலுக்குப் பதில் கைத்தடியை நனைத்து
நாக்கில் வைத்துப் பார்த்தார்.
"இதுல ஒண்ணுமே இல்ல" என்றார்,
கண்டுபிடித்தவர் போல.

மூன்றாம் நாள் பச்சை.
நான்காம் நாள் தவளை.
ஒன்றும் போடாத தண்ணீருக்கு
ஆயுசு அவ்வளவுதான்.
"சரி," என்றார், தவளையைப் பார்த்தபடி,
"சிமெண்டை நான் பாத்துக்கறேன்.
காரையை நீ பாத்துக்கோ."

தை மாசம் டேங்கர் லாரி வந்தது.
ஓட்டுநர் முனிரத்தினம் குழாயைத் தோளில் போட்டபடி
"நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?" என்றார்.
நல்ல தண்ணி என்றேன்.
சுவரோரம் அடுக்கியிருந்த
எட்டு மூட்டை உப்பைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
மறுபடி மூட்டைகளைப் பார்த்துவிட்டு
வாய் முழுக்கச் சிரித்தார்;
மேல்வரிசையில் நான்கு பல், பழுப்புக் கோடு.
"உப்புக்கா மேடம் பஞ்சம்?" என்று
வால்வைத் திருகினார்.